சிறு பதிப்பகத்துக்கு இணையதளம்: எந்த சிஎம்எஸ் எடுப்பது?

ஐம்பதிலிருந்து நூறு தலைப்புகள் வைத்திருக்கிறீர்கள். கடைக்காரர் கமிஷன் போக மிஞ்சுவதைப் பார்த்துவிட்டு, வாசகருக்கு நேரடியாகவே விற்கலாம் என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். விசாரிக்கத் தொடங்கினால் "வேர்ட்பிரஸ்ல பண்ணிடலாம் சார்" என்பார் ஒருவர். "ஷாப்பிஃபைதான் தலைவலி இல்லாதது" என்பார் இன்னொருவர். "நாங்களே சொந்தமா கோடு எழுதித் தர்றோம்" என்று மூன்றாமவர் வருவார். மூவரும் தங்களுக்குத் தெரிந்ததைத்தான் விற்கிறார்கள். ஒரு சைட்டைக் கட்டி, அதை இடம் மாற்றி, பட்டியல் முழுவதையும் மறுபடி ஏற்றிய அலைச்சலுக்குப் பிறகு இதை எழுதுகிறேன்.

சிஎம்எஸ் என்பது, கோடு எழுதத் தெரியாதவரும் லாகின் செய்து, புத்தக விவரத்தைத் தட்டச்சு செய்து, அட்டைப்படத்தை ஏற்றி, 'வெளியிடு' பொத்தானை அழுத்தினால் சைட்டில் வந்துவிடும்படி செய்கிற மென்பொருள். அவ்வளவுதான். எதை எடுப்பது என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கட்டும். கட்டி முடிந்த பிறகு தினமும் அதில் கை வைக்கப் போவது யார்? நாளைக்கு அங்கிருந்து கிளம்ப நேர்ந்தால் எதையெல்லாம் கையோடு எடுத்துப்போக முடியும்? அழகு, வேகம், வசதி எல்லாம் இவற்றுக்கு அப்புறம்தான்.

1. சிஎம்எஸ்ஸுக்கு முன்னால் டொமைன்

சைட் கட்டித் தருபவர் "டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் நாங்களே பார்த்துக்கறோம்" என்பார். ஹோஸ்டிங்கை, அதாவது சைட்டின் கோப்புகள் இருக்கும் வாடகை இடத்தை, வேண்டுமானால் அவர் பார்த்துக்கொள்ளட்டும். சைட்டின் முகவரிப் பெயரான டொமைனை மட்டும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் வாங்குங்கள். எங்கள் டொமைன் அமைத்துக் கொடுத்தவருடைய கணக்கில் இருந்தது. அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். பதிப்பகத்தின் பெயரை நாங்களே கெஞ்சி வாங்க வேண்டியதாயிற்று.

டாட் காம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 முதல் 1,500 ரூபாய். டாட் இன் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. 99 ரூபாய், 199 ரூபாய் என்பதெல்லாம் முதல் ஆண்டுக்கு மட்டும். அதே பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் புதுப்பிப்புக் கட்டணத்தைப் பாருங்கள். அதுதான் உண்மையான விலை.

டாட் காம் வாங்கியதும் ஒரு சரிபார்ப்பு மின்னஞ்சல் வரும். விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். 15 நாட்களுக்குள் அதை உறுதி செய்யாவிட்டால் டொமைன் முடங்கிவிடும். புதிதாகப் பதிந்த டொமைனை முதல் 60 நாட்களுக்கு வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். டாட் இன் வாங்கினால், பதிவு விவரத்தை மறைத்துவைக்கும் வசதி கிடையாது. ஆகவே வீட்டு எண்ணைக் கொடுக்காமல் அலுவலக எண்ணைக் கொடுங்கள்.

'.இந்தியா' என்று தமிழிலேயே முடியும் முகவரியும் வாங்கலாம். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பல படிவங்களும் செயலிகளும் அதை முகவரியாகவே ஏற்றுக்கொள்வதில்லை. இரண்டாவது முகவரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

இப்போது எத்தனை தலைப்புகள், ஆண்டுக்கு எத்தனை புதிதாக வரும், மாதத்துக்கு எத்தனை ஆர்டர் எதிர்பார்க்கிறீர்கள், தமிழ் மட்டுமா, ஆங்கிலப் பக்கமும் வேண்டுமா? புதிய புத்தகத்தை ஏற்றப் போகிறவர் யார், அவரிடம் கணினி இருக்கிறதா, போன் மட்டுமா?

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அலுவலகத்தில் பார்சல் கட்டுகிற தம்பிதான் இருப்பு தீர்ந்ததையும் சைட்டில் குறிக்க வேண்டும் என்றால், அவர் கையில் போன்தான் இருக்கும். அப்படியானால் போன் செயலியில் நன்றாக ஓடுகிற சிஎம்எஸ்தான் உங்களுக்குச் சரி.

மாதத்துக்குப் பத்துப் பதினைந்து ஆர்டர்தான் வரும் என்றால் உங்களுக்குக் கடை மென்பொருளே வேண்டாம். பட்டியலும் அட்டைப்படமும் விலையும் கொண்ட எளிய சைட், ஒரு வாட்ஸ்அப் எண், ஒரு யுபிஐ க்யூஆர். போதும். பணத்தை வடிவமைப்பில் கொட்டுவதைவிட அடுத்த புத்தகத்தின் காகிதத்தில் போடலாம்.

3. கையில் இருக்கும் வழிகள்

பிளாகர்: இலவசம். சொந்த டொமைனையும் இலவசமாக இணைக்கலாம். கடை வைக்க முடியாது. மேலே சொன்ன பட்டியல், வாட்ஸ்அப் வழிக்கு இது தாராளமாகப் போதும்.

வேர்ட்பிரஸ்: இந்தப் பெயரில் இரண்டு இருப்பதுதான் புதியவர்கள் விழும் முதல் குழி. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்பது இலவச மென்பொருள். ஹோஸ்டிங் நீங்கள் வாங்க வேண்டும். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது அதே மென்பொருளைத் தன் சர்வரில் வைத்து மாதக் கட்டணத்துக்குத் தரும் சேவை. அதில் எந்தத் திட்டத்தில் பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) போடலாம், எதில் முடியாது என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். இந்தக் கட்டுரையில் வேர்ட்பிரஸ் என்றால் முதலாவது. அதில் கடை வைக்க வூகாமர்ஸ் என்ற பிளகின், அதுவும் இலவசம்.

ஷாப்பிஃபை: கடைக்கென்றே செய்தது. ஹோஸ்டிங், பாதுகாப்பு, புதுப்பிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. போன் செயலி நன்றாக இருக்கிறது. எடைக்கேற்ற அனுப்பும் கட்டணம் உள்ளேயே இருக்கிறது. வூகாமர்ஸில் அதற்குத் தனியாக ஒரு பிளகின் தேட வேண்டும். மாதச் சந்தா நின்றால் கடையும் நின்றுவிடும்.

விக்ஸ்: இழுத்துப் போட்டுப் பக்கம் அமைப்பது சுலபம். வெளியேறுவது பற்றி 5-ஆம் படியில் சொல்கிறேன்.

ஜூம்லா, டிரூபல்: இரண்டிலும் பன்மொழி வசதி பிளகின் இல்லாமலே உண்டு. ஆனால் சின்னப் பதிப்பகத்துக்கு, குறிப்பாக டிரூபல், தேவைக்கு மிஞ்சியது. டிரூபல் 7-க்கான ஆதரவு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதிலிருந்து புதிய பதிப்புக்குப் போவது ஏறத்தாழ சைட்டை மறுபடி கட்டுவதுதான். பழைய சைட் ஒன்றை மலிவாகத் தருகிறோம் என்று யாராவது வந்தால் பதிப்பு எண்ணைக் கேளுங்கள்.

சொந்தக் கோடு: எழுதியவர் போனை எடுக்கும் வரைதான் சைட். வேண்டாம்.

4. பணம் கட்டும் முன் தமிழில் சோதியுங்கள்

தீம் (சைட்டின் ஆயத்தத் தோற்றம்) விற்பவர்கள் காட்டும் மாதிரிப் பக்கம் எப்போதும் ஆங்கிலத்தில் இருக்கும். அதே தீமில் தமிழைப் போட்டால் முகமே மாறிவிடும். வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் என்று தேடுங்கள். எதையும் நிறுவாமல், கணக்குத் தொடங்காமல், உலாவியிலேயே வேர்ட்பிரஸ் ஓடும். ஷாப்பிஃபை சோதனைக் காலம் தரும். விக்ஸை இலவசமாகவே திறந்து பார்க்கலாம். உங்களுடைய மிக நீளமான தலைப்பையும், மிக நீளமான பின்னட்டைக் குறிப்பையும் அப்படியே ஒட்டிப் பாருங்கள். பிறகு போனில் திறந்து இவற்றைக் கவனியுங்கள்.

எழுத்துரு: தீமின் எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் ஆங்கிலம் ஒரு அழகிலும் தமிழ் வேறொரு அழகிலும் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் போன்றவை கூகுள் எழுத்துருக்களில் இலவசம். அவற்றில் ஒன்றை மாற்றிப் போட முடிகிறதா என்று பாருங்கள். வரி இடைவெளி குறைவாக இருந்தால் மேல் வரியின் 'ளு'வும் கீழ் வரியின் 'கி'யும் முட்டிக்கொள்ளும். 'நிபந்தனைகள்' போன்ற சொற்கள் மெனுவில் பாதியில் உடையும்.

பக்க முகவரி: இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தலைப்பைத் தமிழில் கொடுத்தால் வேர்ட்பிரஸ் முகவரியையும் தமிழிலேயே உண்டாக்கும். பார்க்க நன்றாக இருக்கும், பகிரும்போதுதான் தெரியும். 'வழிகாட்டி' என்பது நம் கண்ணுக்கு 5 எழுத்து. கணினிக்கு ஒற்று, கால், கொம்பு எல்லாம் சேர்த்து 9 குறிகள். ஒவ்வொரு குறியும் முகவரியில் சதவீதக் குறியோடு கூடிய 9 இடங்களை எடுக்கும். ஆக ஒரே சொல்லுக்கு 81 இடம். வேர்ட்பிரஸ் முகவரிக்கு ஒதுக்கியிருப்பது மொத்தமே 200. இரண்டு மூன்று சொற்களில் தீர்ந்து, தலைப்பு நடுவில் வெட்டுப்படும். அதனால் ஒவ்வொரு புத்தகத்துக்கும் முகவரியை மட்டும் சின்னதாக ஆங்கில எழுத்தில் நீங்களே கொடுங்கள். தொடக்கத்திலேயே செய்யுங்கள். பிறகு மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் உடையலாம்.

தேடல்: பழைய புத்தகங்களின் குறிப்புகள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். யூனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்ற முடியும். மாற்றியதை ஒருவர் கண்ணால் படித்தே ஆக வேண்டும். 'கௌரி' என்பது 'கெளரி' என்று, அதாவது 'கெ'வும் 'ள'வுமாக உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. வாசகர் சரியாகத் தட்டச்சு செய்து தேடினால் புத்தகம் வராது. வாசகர்களில் பலர் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில்தான் தேடுவார்கள். அந்த வடிவத்தையும் 'குறு விவரம்' பகுதியில் ஒரு வரி எழுதி வையுங்கள். டேகில் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். வேர்ட்பிரஸின் சாதாரணத் தேடல் தலைப்பு, குறு விவரம், முழு விவரம் மூன்றையும்தான் பார்க்கும்.

இருமொழி சைட் வேண்டுமென்றால்: பாலிலேங் பிளகினின் இலவச வடிவம் சாதாரணப் பக்கங்களுக்குப் போதும். வூகாமர்ஸ் பொருட்களையும் இருமொழியில் வைக்கக் கட்டண வடிவம் வேண்டும். "பன்மொழி இலவசம்" என்று கோட்டேஷனில் எழுதித் தருபவரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

5. வெளியேறும் வழி

எந்த சிஎம்எஸ் ஆனாலும், சேரும் முன்பே அதன் ஏற்றுமதி வசதியைத் தேடி அழுத்திப் பாருங்கள்.

வேர்ட்பிரஸில் தரவுத்தளமும் கோப்புகளும் உங்களுடையவை. ஹோஸ்டிங் பிடிக்கவில்லை என்றால் அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். ஒரு எச்சரிக்கை: டாஷ்போர்டில் இருக்கும் ஏற்றுமதிக் கருவி தரும் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுத்து இருக்கும், படங்கள் இருக்காது, அவற்றின் முகவரி மட்டும் இருக்கும். பழைய ஹோஸ்டிங்கை மூடிவிட்டு இந்தக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் அட்டைப்படம் அத்தனையும் போச்சு. அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற பேக்கப் பிளகின் கோப்புகளையும் சேர்த்து உங்கள் கூகுள் டிரைவில் போட்டு வைக்கும். இலவச வடிவமே போதும்.

ஷாப்பிஃபையிலிருந்து புத்தகப் பட்டியல், வாடிக்கையாளர், ஆர்டர் விவரங்களை சிஎஸ்வி கோப்பாக (எக்ஸெலில் திறக்கும் எளிய அட்டவணை) எடுக்கலாம். தீம் வராது, வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்களும் வராது. விக்ஸ் சைட்டை வேறு ஹோஸ்டிங்கில் கொண்டுபோய் ஓட்ட முடியாது. பக்கங்களை மறுபடி கட்ட வேண்டியதுதான். அதற்காகவே விக்ஸை நான் யாருக்கும் சொல்வதில்லை.

வேர்ட்பிரஸுக்குள்ளேயே ஒரு சிறை உண்டு, பேஜ் பில்டர், அதாவது பக்கத்தை இழுத்துப் போட்டு அமைக்கும் பிளகின். டபிள்யூபிபேக்கரி போன்றவற்றில் கட்டிய பக்கத்தில் அந்தப் பிளகினை அணைத்துப் பாருங்கள். எழுத்துக்கு நடுவே சதுர அடைப்புக்குறிகளாக நிரம்பியிருக்கும். வேர்ட்பிரஸோடு வரும் பிளாக் எடிட்டரிலேயே கட்டித் தரச் சொல்லுங்கள். கொஞ்சம் அழகு குறைந்தாலும் பரவாயில்லை.

6. செலவு: மூன்று ஆண்டுக்குக் கணக்குப் போடுங்கள்

ஹோஸ்டிங் விளம்பரத்தில் "மாதம் 149 ரூபாய்" என்று இருந்தால், அது மூன்று நான்கு ஆண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டினால்தான். புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று மடங்காகும். அதன் மேல் 18% ஜிஎஸ்டி. சின்னக் கடைக்குப் போதுமான பகிர்வு ஹோஸ்டிங்குக்குப் புதுப்பிப்பு விலையில் ஆண்டுக்கு 3,000 முதல் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைட்டுக்கும் வாசகருக்கும் இடையே போகும் தகவலைப் பூட்டிவைக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகக் காசு கேட்டால் வேறு ஹோஸ்டிங் பாருங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் அதை இலவசமாகவே தருகிறது.

ஷாப்பிஃபையின் அடிப்படைத் திட்டம் மாதத்துக்கு 1,500 முதல் 2,000 ரூபாய் என்ற அளவில் இருக்கும். விலை அடிக்கடி மாறும், அன்றைய விலையைப் பாருங்கள். ஆண்டுக்குப் பதினெட்டாயிரத்துக்குக் குறையாது என்று எடுத்துக்கொள்ளலாம். மறைந்திருப்பது இன்னொன்று. ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே வழக்கமாக 2% எடுக்கும், அந்தக் கட்டணத்தின் மேல் 18% ஜிஎஸ்டி. 300 ரூபாய் புத்தகத்தில் 7 ரூபாய் 8 காசு போகும். ஷாப்பிஃபையின் சொந்தப் பணப்பரிமாற்றச் சேவை இந்தியாவில் இல்லை. வெளிக் கேட்வேயைத்தான் இணைக்க வேண்டும். அதற்காக அடிப்படைத் திட்டத்தில் ஷாப்பிஃபையும் தன் பங்காக 2% கேட்கும். இன்னொரு 6 ரூபாய்.

அப்படியானால் வேர்ட்பிரஸ்தான் மலிவா? காகிதத்தில், ஆமாம். ஆனால் மாதம் ஒருமுறை புதுப்பிப்பு போட்டு, ஏதாவது உடைந்தால் சரிசெய்ய ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் வீட்டிலோ அலுவலகத்திலோ இருந்தால் வேர்ட்பிரஸ். இல்லையென்றால், மாதம் ஐம்பது ஆர்டருக்கு மேல் வருமென்றால் ஷாப்பிஃபை. இது என் கணிப்பு.

7. பட்டியலைத் தயார் செய்யுங்கள்

புத்தகங்களை ஒவ்வொன்றாக ஏற்ற உட்காராதீர்கள். வூகாமர்ஸ், ஷாப்பிஃபை இரண்டுமே சிஎஸ்வி கோப்பை மொத்தமாக எடுத்துக்கொள்ளும். தலைப்பு, ஆசிரியர், விலை, பக்கம், ஐஎஸ்பிஎன், எடை, முகவரிச் சொல், படத்தின் இணைய முகவரி என்று பத்திகள் போடுங்கள். எடை மிக முக்கியம். கூரியர் கட்டணம் அதை வைத்துத்தான். சமையலறைத் தராசு போதும், எல்லாப் புத்தகத்தையும் நிறுத்துவிடுங்கள்.

எக்ஸெல் இங்கே இரண்டு வேலை செய்யும். 978-இல் தொடங்கும் 13 இலக்க ஐஎஸ்பிஎன்னை 9.78 என்ற சுருக்க எண்ணாக்கிவிடும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் மிச்ச இலக்கங்கள் காலி. அந்தப் பத்தியை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள். இரண்டாவது, சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். கூகுள் ஷீட்ஸில் செய்தால் இந்த இரண்டாவது தொல்லை இல்லை. முதலில் ஐந்து புத்தகம் மட்டும் ஏற்றிப் பார்த்துவிட்டு மீதியை ஏற்றுங்கள்.

8. பணம் வாங்க ஆவணங்கள்

ரேஸர்பே, கேஷ்ஃப்ரீ, பேயூ, சிசிஅவென்யூ, எந்தக் கேட்வே ஆனாலும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். தனி உரிமையாளர் என்றால் அவருடைய பான், முகவரிச் சான்று, ரத்து செய்த காசோலை அல்லது வங்கி அறிக்கை, தொழில் நடப்பதற்கான சான்று.

தொழில் சான்றில்தான் பதிப்பகங்கள் மாட்டும். அச்சிட்ட புத்தகங்களுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அவற்றை மட்டுமே விற்பவர் பதிவு செய்ய வேண்டியதும் இல்லை. அதனால் ஜிஎஸ்டி சான்றிதழ் கேட்டால் கையில் இருக்காது. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு எடுத்துக்கொள்ளுங்கள். அரசின் தளத்தில் ஆதாரை வைத்துச் செய்வது, முழுக்க இலவசம். தேடினால் முதலில் வரும் தளங்களில் சில கட்டணம் கேட்கும். முகவரி அரசின் 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். மின்புத்தகம், டைரி, பை என்று வேறு எதுவும் விற்பதாக இருந்தால் வரிக் கணக்கு மாறும், ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தைப் பார்ப்பவர்கள் சைட்டைத் திறந்து பார்ப்பார்கள். தொடர்பு, விதிமுறைகள், தனியுரிமைக் கொள்கை, பணம் திருப்பித் தரும் முறை, அனுப்பும் முறை ஆகிய பக்கங்கள் இருக்க வேண்டும். பதிப்பகத்தின் பெயர் ஒன்று, பான் அட்டையில் உரிமையாளர் பெயர் வேறு என்றால் தொடர்புப் பக்கத்தில் இரண்டையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆகவே வரிசை இப்படி: டொமைன், சிஎம்எஸ், இந்த ஐந்து பக்கங்கள், மாதிரிக்குப் பத்துப் புத்தகம், உடனே கேட்வேக்கு விண்ணப்பம். அனுமதிக்கு ஓரிரு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். அந்த நேரத்தில் மீதிப் பட்டியலை ஏற்றுங்கள். ஜனவரிச் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் சைட் தயாராக வேண்டுமென்றால் செப்டம்பரில் தொடங்குங்கள். டிசம்பரில் அச்சகத்தை விட்டு நகர முடியாது, உங்களுக்கே தெரியும்.

9. ஆளிடம் கொடுத்துக் கட்டுவதானால்

கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் முன் ஹோஸ்டிங், சிஎம்எஸ் நிர்வாகி, கேட்வே ஆகிய மூன்று லாகினும் உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். கட்டியவருக்குத் தனி நிர்வாகிக் கணக்கு கொடுங்கள், வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம். பார்சல் தம்பிக்கு வூகாமர்ஸில் 'கடை மேலாளர்' என்ற நிலை போதும். தீமும் பிளகினும் காசு கொடுத்து வாங்கியவை என்றால் ரசீதைக் கேளுங்கள். "பிரீமியம் தீம், ஃப்ரீயா போட்டுத் தர்றேன்" என்றால் அது பெரும்பாலும் திருட்டுப் பிரதி. அதற்குள் வைரஸ் வைத்து அனுப்புவது சகஜம்.

பழைய சைட் ஒன்று இருந்து அதிலிருந்து மாறுகிறீர்கள் என்றால் இரண்டு கவனிப்பு. பழைய பக்க முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடும் பட்டியல் போடச் சொல்லுங்கள். ஹோஸ்டிங் மாற்றும் முன் மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் டொமைனின் எம்எக்ஸ் பதிவுகளைப் படம்பிடித்து வையுங்கள், இல்லாவிட்டால் சைட் வந்துவிடும், மின்னஞ்சல் நின்றுவிடும்.

எல்லாம் முடிந்ததும் வெளியூர் நண்பர் ஒருவரை அவர் போனிலிருந்து ஒரு புத்தகம் வாங்கச் சொல்லுங்கள். அவருக்கு உறுதி மின்னஞ்சல் வருகிறதா, உங்களுக்கு ஆர்டர் தகவல் வருகிறதா, அனுப்பும் கட்டணம் கூரியர் ரசீதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பிப் பாருங்கள். அது அவர் கணக்கில் ஏறச் சில வேலை நாட்கள் ஆகும். கேட்வே பிடித்த கட்டணம் பெரும்பாலும் உங்களுக்குத் திரும்ப வராது. பணம் திருப்பித் தரும் முறைப் பக்கத்தில் எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறீர்கள் என்பதை இதைப் பார்த்த பிறகு திருத்திக்கொள்ளுங்கள்.